காயம் ஆறிவிடுகிற தெய்வங்கள், செத்துப்போகிற மனிதர்கள்

பாண்டரஸ் என்று ஒரு வில்லாளி. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டைப் படித்தவர்களிலேயே பலருக்கு அவன் பெயர் நினைவில் இருக்காது. கிரேக்கர்கள் முற்றுகையிட்ட ட்ராய் நகரத்துக்குத் துணையாகப் போர்செய்ய வந்த சிற்றரசன். அவன் வீட்டில் பதினொரு புத்தம்புதுத் தேர்கள் துணி போர்த்தி நிற்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஜோடிக் குதிரை. தேரில் போ என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். இவன் கேட்கவில்லை. முற்றுகையில் இருக்கும் ஊர், ஜன நெருக்கம், வயிறாரத் தின்று பழகிய குதிரைகளுக்கு அங்கே தீனி கிடைக்குமோ கிடைக்காதோ என்று நினைத்தான். குதிரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, வில்லை எடுத்துக்கொண்டு நடந்தே ட்ராய்க்கு வந்து சேர்ந்தான்.

அவன் வந்து நிற்கிற இடத்தில் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஹெலனைத் தூக்கி வந்த ட்ராய் இளவரசன் பாரிஸும் அவள் கணவன் மெனலாஸும் தனியாக மோதிக்கொள்ளட்டும், ஜெயித்தவனுக்கு ஹெலன், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு படைகளும் ஆட்டுக்குட்டிகளைப் பலிகொடுத்துச் சத்தியம் செய்திருக்கின்றன. அப்போது போர்த் தெய்வமான அதீனா ஒரு ட்ராய் வீரனின் உருவில் வந்து பாண்டரஸின் காதில் ஓதுகிறாள்: மெனலாஸை இப்போது அம்பெய்து வீழ்த்தினால் பாரிஸ் உனக்குப் பரிசாக அள்ளிக் கொடுப்பான். ‘அந்த மடையன் மனம் மயங்கிவிட்டது’ என்கிறார் ஹோமர். காட்டாட்டுக் கொம்பில் செய்த வில்லை வளைக்கிறான். நாண் அதிர்கிறது. அம்பு பறக்கிறது. அதே அதீனா அதற்குள் மெனலாஸின் முன்னால் போய் நின்று, தூங்கும் குழந்தை மேல் உட்கார வருகிற ஈயைத் தாய் விரட்டுவதுபோல அம்பைத் தட்டிவிடுகிறாள். சின்னக் காயம்தான். ஆனால் சத்தியம் முறிந்தது, போர் மறுபடியும் மூண்டது.

அடுத்த காண்டத்தில் பாண்டரஸ் தன் வில்லையே சபிக்கிறான். இரண்டு பேர் மேல் எய்தேன், இரண்டு பேரும் சாகவில்லை, ஊர் திரும்பினால் இதை ஒடித்து நெருப்பில் போடுவேன் என்கிறான். ஊர் திரும்பவில்லை. கிரேக்க வீரன் டயோமிடீஸ் எறிந்த ஈட்டியை அதீனா வழிநடத்துகிறாள். அது அவன் கண்ணோரம் மூக்கில் பாய்ந்து, வெள்ளைப் பற்களை உடைத்து, நாக்கை அடியோடு அறுத்துக்கொண்டு தாடைக்குக் கீழே வெளியே வருகிறது.

சத்தியத்தை மீறத் தூண்டியவள் அதீனா. அம்பைத் தடுத்தவள் அதீனா. மீறியவனைக் கொன்ற ஈட்டியைச் செலுத்தியவளும் அதீனா. குதிரைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்த ஒரு ஆள் செத்துக் கிடக்கிறான். அவள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

கிரேக்கக் காவியங்களில் தெய்வங்களும் வீரர்களும் குறையுள்ளவர்கள் என்று எல்லோரும் சொல்வது உண்டு. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லும்போது இரண்டு குறைகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்றல்ல. தெய்வத்தின் குறைக்கு விலை கிடையாது. மனிதனின் குறைக்கு உயிர்தான் விலை. இலியட்டின் 24 காண்டங்களும், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன என்பது என் எண்ணம்.

பாண்டரஸின் அம்புக்கு முன்னால் ஒலிம்பஸ் மலை மேல் நடந்த பேரத்தைப் பாருங்கள். போரை இத்தோடு நிறுத்திவிடலாமா என்று தெய்வங்களின் அரசர் ஜீயஸ் கேட்கிறார். அவர் மனைவி ஹீரா கொதிக்கிறாள். படை திரட்ட நான் வேர்த்து விறுவிறுத்ததும் என் குதிரைகள் களைத்ததும் வீணா என்கிறாள். நீ ட்ராய்க்குள் புகுந்து அதன் அரசர் பிரியமையும் அவர் பிள்ளைகளையும் பச்சையாகத் தின்றால்தான் உன் கோபம் ஆறும்போல என்கிறார் ஜீயஸ். சூரியனுக்குக் கீழே உள்ள ஊர்களில் ட்ராய்தான் தனக்கு மிகவும் பிடித்தது, அங்கே தன் பலிபீடத்தில் படையல் குறைந்ததே இல்லை என்றும் சொல்கிறார். ஹீராவின் பதில்: எனக்குப் பிடித்த ஊர்கள் மூன்று, ஆர்கோஸ், ஸ்பார்ட்டா, மைசீனி. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் அழித்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ட்ராயை மட்டும் எனக்குக் கொடுங்கள். பேரம் முடிந்தது. ஹீரா அந்த மூன்று ஊர்களைத் தாரை வார்க்கிற அதே நேரத்தில், அந்த ஊர்க்காரர்கள் கீழே அவள் தங்கள் பக்கம் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாண்டரஸ் செத்த சற்று நேரத்தில், அதே போர்க்களத்தில் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டும் காயப்படுகிறாள். மகன் ஈனியஸைக் காப்பாற்ற வந்தவளின் மணிக்கட்டுக்கு அருகே டயோமிடீஸின் ஈட்டி கீறிவிடுகிறது. ரத்தம் வரவில்லை. தெய்வங்கள் சோறும் மதுவும் உட்கொள்வதில்லை, அதனால் அவர்கள் உடம்பில் ரத்தம் கிடையாது, இகோர் என்ற வேறொரு திரவம் வழிகிறது என்று ஹோமர் விளக்கம் சொல்கிறார். அவள் அலறிக்கொண்டு மகனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள். அம்மா டயோனியின் மடியில் போய் விழுகிறாள். அம்மா இரண்டு கையாலும் அந்த இகோரைத் துடைத்துவிட, வலி போய்விடுகிறது. யாரோ ஒரு கிரேக்கப் பெண்ணைத் தடவிக் கொடுக்கும்போது அவள் சேலைக் கொக்கி கீறியிருக்கும் என்று அதீனா கிண்டல் செய்கிறாள். ஜீயஸ் சிரிக்கிறார். போர் உனக்கு ஆகாதம்மா, நீ கல்யாண வேலையைப் பார் என்கிறார்.

ஒரு கீறல், ஒரு மடி, ஒரு துடைப்பு. தெய்வத்தின் துன்பம் அவ்வளவுதான். இந்தக் காட்சி சிரிப்பு மூட்டுவதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் பாண்டரஸின் அறுந்த நாக்குக்குச் சில நூறு அடிகளுக்குள் அது வருவதால், அந்தச் சிரிப்பு கேட்பவர் தொண்டையில் சிக்குகிறது.

இந்தத் தெய்வங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் முதல் ஆட்கள் கிரேக்கர்களே. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த தத்துவஞானி செனோஃபனீஸ், மனிதர்களிடம் எதெல்லாம் வெட்கக்கேடோ அதையெல்லாம் ஹோமரும் இன்னொரு பழங்கவிஞரான ஹீசியடும் தெய்வங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். அவர் கொடுத்த பட்டியல்: திருட்டு, பிறன்மனை நாடுவது, ஒருவரையொருவர் ஏமாற்றுவது. மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து வரையத் தெரிந்திருந்தால், குதிரை வரைகிற தெய்வம் குதிரை மாதிரியே இருக்கும் என்றும் சொன்னவர் அவர். பிளேட்டோ இன்னும் கடுமை. தெய்வங்கள் அடக்க முடியாமல் சிரிப்பதும், கிரேக்கர்களின் தலைசிறந்த வீரன் அக்கிலிஸ் கடற்கரையில் புலம்புவதும், ஹீராவைக் கண்டதும் ஜீயஸ் எல்லாவற்றையும் மறந்துபோவதும் பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று அவருடைய ‘குடியரசு’ உரையாடல் வாதிடுகிறது. தெய்வங்களைக் காப்பாற்ற வேறொரு வழியும் பிறந்தது. தியாஜனீஸ் என்பவர், தெய்வங்களின் சண்டை என்பது நெருப்பும் நீரும், சூடும் குளிரும் மோதுவதன் உருவகம் என்று பொருள் சொன்னார். அந்த வழி பல நூற்றாண்டுகள் ஓடியது. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் அஃப்ரோடைட்டை ஒரு தத்துவமாக்கிவிட்டால் அம்மா மடியில் விழுந்து அழுகிறவள் யார்? தெய்வத்தின் மானம் பிழைக்கிறது, கவிதை செத்துவிடுகிறது.

வீரர்களின் குறையைக்கூடச் சிலர் மறைக்கப் பார்த்தார்கள். அக்கிலிஸை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ், இளமையில் கோபத்தில் தன் அப்பாவையே கொல்ல நினைத்ததாகச் சொல்கிற நான்கு அடிகள் இலியட்டின் ஏட்டுப் பிரதிகளில் இல்லை. அலெக்சாண்டிரியாவின் பதிப்பாசிரியர் அரிஸ்டார்க்கஸ் பயந்துபோய் அவற்றை நீக்கிவிட்டார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். புளூட்டார்க் மேற்கோள் காட்டியதால்தான் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அரிஸ்டார்க்கஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் நேசிக்கிற ஒரு நூலில் அப்படி ஒரு வரியைப் பார்க்கிறபோது வருகிற பதற்றம் புரிகிறது. ஆனால் கோபத்தின் பிடியிலிருந்து மயிரிழையில் தப்பித்த ஒருவர்தான் கோபத்தில் இருக்கிறவனுக்குப் புத்தி சொல்ல வருகிறார். அந்த வரிகள் போனால் அவர் வெறும் உபதேசியாகிவிடுகிறார்.

சரி, இப்படிப்பட்ட தெய்வங்களை ஏன் கும்பிட்டார்கள்? இங்கே நம் பழக்கத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும். கிரேக்கத் தெய்வம் ஒழுக்கத்தின் இலக்கணம் அல்ல. அது ஆற்றல். கடல் நல்லதா கெட்டதா என்று மீனவர் கேட்பதில்லை, அதன் குணம் தெரிந்து அதற்கு மரியாதை செய்கிறார். காமமும் போர்வெறியும் தந்திரமும் அப்படித்தான் உலகில் இருக்கின்றன, அவற்றுக்கு முகமும் பெயரும் உண்டு, படையல் கேட்கும், அவமதித்தால் திருப்பி அடிக்கும். தன் பூசாரி ஒரே ஒருவரைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவமதித்ததற்காக அப்போலோ என்ற தெய்வம் ஒன்பது நாள் கொள்ளைநோய் அம்புகளைப் பொழிகிறது. முதலில் கோவேறு கழுதைகள், நாய்கள். அப்புறம் மனிதர்கள். அவமதித்த அகமெம்னானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீரன் என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. தன்னிகரில்லாத் தலைவன் என்பது நம் காப்பிய இலக்கணம் கேட்கிற தகுதி. அந்த எதிர்பார்ப்போடு இலியட்டைத் திறந்தால் முதல் காண்டத்திலேயே தடுக்கி விழுவோம். நானும் விழுந்தேன். யார் பக்கம் நிற்பது என்றே தெரியாமல் பாதியில் மூடி வைத்தேன். பிறகுதான் புரிந்தது: அக்கிலிஸ் தன்னிகரில்லாதவன்தான், ஆனால் எல்லாவற்றிலும். வேகத்தில், அழகில், கோபத்தில். காவியத்தின் முதல் சொல்லே ‘மேனிஸ்’, கோபம். இலியட் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் தெய்வங்களின் சினத்துக்குத்தான் பயன்படுத்துகிறது. மனிதர்களில் அது அக்கிலிஸுக்கு வருகிறது. தெய்வத்தின் அளவுக்குக் கோபம், மனிதனின் அளவுக்கு ஆயுள்.

சண்டையின் காரணம் தெரிந்ததே. நோய் நிற்க வேண்டும் என்றால் அகமெம்னான் தன் பங்காக வந்த கிரிசேயிஸ் என்ற பெண்ணை அவள் தந்தையான பூசாரியிடம் திருப்பித் தர வேண்டும். தருகிறான், ஆனால் ஈடாக அக்கிலிஸின் பிரிசேயிஸைப் பிடுங்கிக்கொள்கிறான். அக்கிலிஸ் கரையில் உட்கார்ந்து கடல் தெய்வமான அம்மா தீட்டிஸை அழைத்து அழுகிறான். அவன் கேட்கிற வரம்தான் பயங்கரம். தன் பக்கத்து ஆட்களே தோற்று, கப்பல் ஓரம் வரை துரத்தப்பட்டுச் சாக வேண்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்கிறான். அவர்களில் யாரும் அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. பின்னால் ஒருமுறை நண்பன் பேட்ரோக்ளஸிடம் சொல்வது இன்னும் மோசம்: ட்ராய்க்காரர்களும் கிரேக்கர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் செத்து, நாம் இரண்டு பேர் மட்டும் மிஞ்சி இந்த நகரத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும்!

நடுவில் அகமெம்னான் சமாதானத்துக்கு ஆள் அனுப்புகிறான். ஏழு முக்காலிக் கொப்பரை, பத்துத் தாலந்து பொன், பன்னிரண்டு குதிரை, ஏழு ஊர், தன் மகள்களில் ஒருத்தி, பிரிசேயிஸும் திரும்ப. பட்டியலை ஒப்பிக்கிற ஒடிசியஸ், அகமெம்னான் கடைசியில் சொன்ன ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறான்: ‘அவன் எனக்குப் பணியட்டும், நான்தான் பெரிய அரசன்’. அக்கிலிஸுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. மனதில் ஒன்றை ஒளித்து வேறொன்றைப் பேசுகிறவன் எனக்கு மரண வாசலைப் போல வெறுப்பானவன் என்று பதிலைத் தொடங்குகிறான். நியாயம் அவன் பக்கம் இருந்த கடைசிக் கணம் அதுவாகக்கூட இருக்கலாம். மறுத்ததால் படை சாகிறது. படை சாவதைப் பார்க்கப் பொறுக்காமல் பேட்ரோக்ளஸ் அவன் கவசத்தை வாங்கி அணிந்து போகிறான். பேட்ரோக்ளஸ் சாகிறான்.

யார் குற்றம்? அகமெம்னான் பின்னால் எல்லோர் முன்னும் எழுந்து நின்று, ‘நான் காரணம் இல்லை, ஜீயஸும் விதியும் இருட்டில் நடக்கும் பழிதீர்க்கும் தெய்வமும் என் நெஞ்சில் பித்தை ஏற்றிவிட்டார்கள்’ என்கிறான். மதியை மறைக்கிற அந்தப் பித்தும் ஒரு தேவதைதான். ஜீயஸின் மூத்த மகள். மென்மையான பாதம், தரையில் படாது, மனிதர்களின் தலை மேலேயே நடந்து போவாள். கேட்டால் நழுவல் பேச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, தவறிவிட்டேன், ஈடு கட்டுகிறேன் என்று பொருட்களை வரவழைக்கிறான். தெய்வம் செய்ததும் உண்மை, நான் கட்ட வேண்டியதும் உண்மை என்ற இரண்டும் அவன் மனதில் மோதிக்கொள்வதில்லை. இ. ஆர். டாட்ஸ் என்ற அறிஞர் 1951இல் வெளியான தம் நூலை இந்தப் பேச்சை வைத்துத்தான் தொடங்கினார். பாண்டரஸுக்கும் இதே கணக்குதான். அதீனா தூண்டினாள், ஆனால் பரிசுக்கு ஆசைப்பட்டது அவன் மனம். இல்லாத ஆசையை அவள் புதிதாக உண்டாக்கவில்லை.

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸி இந்தக் கேள்விக்கு வேறு பதிலோடு தொடங்குகிறது. மனிதர்கள் எல்லாவற்றுக்கும் எங்களைக் குறை சொல்கிறார்கள், விதித்ததற்கு மேலேயும் தங்கள் அடாவடியால் தாங்களே துன்பத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்று முதல் காண்டத்திலேயே ஜீயஸ் அலுத்துக்கொள்கிறார். ஒடிசியஸே அதற்குச் சாட்சி. ஒற்றைக்கண் பாலிஃபீமஸின் குகையிலிருந்து ‘யாருமில்லை’ என்ற பொய்ப் பெயரால் தப்பித்தவன், கப்பல் கரையை விட்டு விலகியதும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கூட இருந்தவர்கள் கெஞ்சுகிறார்கள். இவனால் முடியவில்லை. உன் கண்ணைக் குருடாக்கியது யார் என்று கேட்டால், லேயர்ட்டீஸின் மகன், இத்தாக்காவில் வீடுள்ள ஒடிசியஸ் என்று சொல் எனக் கத்துகிறான். பெயரும் ஊரும் கிடைத்துவிட்டதால் பாலிஃபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் சரியான விலாசத்தோடு சாபம் கேட்க முடிகிறது. பன்னிரண்டு கப்பலோடு போனவன் ஒற்றை ஆளாகத் திரும்புகிறான். செய்த காரியத்துக்குத் தன் பெயர் வேண்டும் என்ற ஆசைதான் அவனை வீரனாக்கியது, அதே ஆசைதான் நண்பர்களைக் கொன்றது.

வீடு திரும்பிய பின்னும் அவன் மாறவில்லை. மனைவியை மணக்க வந்து உட்கார்ந்திருந்த 108 பேரைக் கொன்ற பிறகு, அவர்களோடு படுத்த பன்னிரண்டு பணிப்பெண்களைக் கொல்லச் சொல்கிறான். மகன் டெலிமாக்கஸ் அவர்களை வரிசையாகத் தூக்கிலிடுகிறான். கூடு திரும்பும்போது வலையில் மாட்டிக்கொண்ட புறாக்களைப் போலத் தொங்கினார்கள், கால்கள் கொஞ்சம் துடித்தன, ரொம்ப நேரம் இல்லை என்கிறது கவிதை. சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அந்தக் கால்களைப் பார்க்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மறுபடி ட்ராய்க்கு வருவோம். குறையில்லாத வீரன் யாராவது உண்டு என்றால் அது பிரியமின் மகன் ஹெக்டர் என்று பலரும் சொல்வார்கள். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை பயந்து அழ, அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்சுகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவனும் தவறு செய்கிறான், அது அவனுக்கே தெரியும். அக்கிலிஸ் போருக்குத் திரும்பப் போகிறான், எல்லோரும் மதிலுக்குள் போய்விடுவோம் என்று தோழன் பாலிடமஸ் முந்தின இரவே சொன்னான். வெற்றியின் மிதப்பில் ஹெக்டர் கேட்கவில்லை. மறுநாள் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும்போது உள்ளே போகவும் முடியவில்லை. என் அசட்டுத் துணிச்சலால் மக்களை அழித்துவிட்டேன், பாலிடமஸ்தான் முதலில் என்னைப் பழிப்பான் என்று நினைக்கிறான். ஊர் என்ன சொல்லுமோ என்ற வெட்கம் கொன்றுவிடுகிறது அவனை. அக்கிலிஸ் நெருங்கியதும் அந்தத் துணிச்சலும் போய்விடுகிறது. ஓடுகிறான். ஊரை மூன்று சுற்று ஓடுகிறார்கள். போர் வருவதற்கு முன்பு ட்ராய்ப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டிகள் இருக்கும் ஊற்றுகளைக் கடந்து ஓடுகிறார்கள். எல்லாத் தெய்வங்களும் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதீனா இங்கேயும் வருகிறாள். ஹெக்டரின் தம்பி உருவில் வந்து, நானும் இருக்கிறேன், நில் என்கிறாள். ஹெக்டர் நிற்கிறான். ஈட்டி எறிகிறான், குறி தவறாமல் கேடயத்தில் பட்டுத் தெறித்துவிடுகிறது. இன்னொரு ஈட்டி கேட்டுத் திரும்புகிறான். அங்கே யாரும் இல்லை.

சாவு தெய்வங்களைத் தொடவே தொடாதா என்றால், சில இடங்களில் தொடுகிறது. ஜீயஸின் மகன் சார்பிடான் சாகப் போகிறான். தூக்கி எடுத்துக் காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தவிக்கிறார். நீங்கள் ஆரம்பித்தால் ஒவ்வொரு தெய்வமும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஹீரா தடுக்கிறாள். ஜீயஸ் ரத்தத் துளிகளை மழையாகப் பெய்ய வைக்கிறார். ஆனால் மகன் உயிரைக் காப்பாற்றவில்லை. அந்த சார்பிடான்தான் முன்பு நண்பன் கிளாக்கஸிடம் சொன்னான்: இந்தப் போரிலிருந்து தப்பித்தால் மூப்பும் சாவும் இல்லாமல் இருப்போம் என்றால் நானும் முன்னணியில் நிற்க மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன். எப்படியும் சாவு ஆயிரம் வடிவில் சுற்றி நிற்கிறது, வா போவோம். ஜீயஸால் இப்படி ஒரு பேச்சைப் பேசவே முடியாது. இழக்க எதுவும் இல்லாதவருக்குத் துணிச்சல் என்பதற்குப் பொருளே இல்லை. அக்கிலிஸும் ஹெக்டரும் இத்தனை குறைகளோடும் ஜீயஸைவிடப் பெரிதாக நம் மனதில் நிற்பது இதனால்தான்.

பேட்ரோக்ளஸ் செத்த பிறகு அக்கிலிஸிடம் இருப்பது கோபம்கூட இல்லை, அதற்கும் அப்பால் ஒன்று. பிரியமின் மகன்களில் ஒருவனான லைக்கேயன் ஆற்றங்கரையில் கையில் சிக்குகிறான். முன்பு ஒருமுறை அக்கிலிஸ் பிடித்து, அடிமையாக விற்று, மீட்கப்பட்டு வீட்டுக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் ஈட்டியையும் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். அக்கிலிஸ் சொல்கிறான்: ‘நீயும் செத்துப்போ நண்பா. ஏன் இப்படி அழுகிறாய்? உன்னைவிட எவ்வளவோ மேலானவன் பேட்ரோக்ளஸ், அவனே செத்தான். என்னைப் பார், எவ்வளவு உயரம், எவ்வளவு அழகு. எனக்கும் ஒரு காலையிலோ மாலையிலோ நடுப்பகலிலோ சாவு வரத்தான் போகிறது.’ நண்பா என்கிறான். கொன்றும் விடுகிறான். அந்த இரண்டும் பொய்யில்லை.

ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டே இருக்கிறான். பன்னிரண்டாம் நாள் தெய்வங்களுக்கே பொறுக்கவில்லை. இவனிடம் இரக்கம் செத்துவிட்டது என்கிறார் அப்போலோ. முதல் காண்டத்தில் கொள்ளைநோயைப் பொழிந்த அதே அப்போலோ. கிழவர் பிரியம் இரவில் வண்டி நிறைய மீட்புப் பொருளோடு எதிரி முகாமுக்குள் வருகிறார். அக்கிலிஸின் முழங்காலைப் பிடித்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார் என்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள், பிரியம் ஹெக்டருக்காக, அக்கிலிஸ் ஊரில் தனியாக இருக்கும் தன் தந்தைக்காகவும் பேட்ரோக்ளஸுக்காகவும்.

இந்த இடத்தை மனம்மாறிய கதையாகச் சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். அதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். உட்காருங்கள் பெரியவரே என்கிறான். என் மகன் தரையில் கிடக்கும்போது நான் எப்படி உட்கார்வேன், சீக்கிரம் கொடு என்கிறார் பிரியம். அக்கிலிஸின் பார்வை மாறுகிறது. என்னைக் கிளறாதீர்கள் பெரியவரே, ஜீயஸின் கட்டளையை மீறி உங்களையும் ஏதாவது செய்துவிடுவேன் என்கிறான். கிழவர் பயந்து உட்கார்ந்துவிடுகிறார். அவன் சிங்கம்போலப் பாய்ந்து வெளியே போகிறான். பணிப்பெண்களை அழைத்து ஹெக்டரின் உடலைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்கிறான். ஆனால் பிரியமின் கண்ணில் படாத தூரத்துக்கு எடுத்துப் போய்ச் செய்யுங்கள் என்கிறான். மகனின் உடலைப் பார்த்துக் கிழவர் கொதித்து ஏதாவது சொல்லிவிட்டால், தன் கோபம் எழுந்துவிடும், அவரைக் கொன்றுவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

கோபம் அப்படியே இருக்கிறது. முதல் காண்டத்தில் வாளை உருவியபோது அதீனா பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இங்கே அவள் இல்லை. அவனே தன் கோபத்துக்கும் ஒரு கிழவரின் கழுத்துக்கும் நடுவில் சில அடி தூரத்தை வைத்துக்கொள்கிறான். எந்தத் தெய்வமும் அந்தக் காவியத்தில் இப்படி ஒரு காரியத்தைச் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

கழுவித் துணி சுற்றிய உடலை அக்கிலிஸ் தானே தூக்கிப் பாடையில் வைக்கிறான். கோபித்துக்கொள்ளாதே என்று செத்துப்போன பேட்ரோக்ளஸிடம் சொல்கிறான். ஆடு அடித்துச் சமைத்து இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். ஹெக்டர் செத்த நாளிலிருந்து பிரியம் சாப்பிட்டதும் இல்லை, தூங்கியதும் இல்லை. சாப்பிட்ட பிறகு ஒருவரையொருவர் பார்த்து வியந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துக்கத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலிஸ் கேட்கிறான். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் எரிப்போம், பதினொன்றில் மேடு எழுப்புவோம் என்கிறார் பிரியம். ‘பன்னிரண்டாம் நாள், வேண்டுமென்றால், போர்செய்வோம்.’ அப்படியே ஆகட்டும், அதுவரை படையைத் தடுத்து வைக்கிறேன் என்று சொல்லி, கிழவர் மனதில் பயம் இருக்கக் கூடாது என்பதற்காக, அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்.